ஞானப்பிரகாசியாரின் தந்தை ‘மார்க்கேசே’ என்றால், அவர் அரசரா பிரபுவா?

பங்குத் திருவிழா மலருக்காகப் புனித ஞானப்பிரகாசியாரின் வாழ்க்கைச் சுருக்கம் எழுதும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அலோசியுஸ் கொன்சாகா என்ற அந்தப் புனிதரின் தந்தையை இத்தாலிய நூல்கள் ‘மார்க்கேசே’ என்கின்றன, தமிழில் ஒரு புத்தகம் பிரபு என்கிறது, இன்னொன்று இளவரசர் என்கிறது, மூன்றாவது அரசர் என்றே எழுதிவிட்டது, எது சரி, அது கவுண்ட்டுக்கு மேலா கீழா, நம் ஊர்ப் பாளையக்காரர் மாதிரியா? மேலா கீழா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: பிற்கால வரிசைப்படி டியூக்குக்குக் கீழே, கவுண்ட்டுக்கு மேலே. ஆனால் மூன்று புத்தகங்களும் மூன்று விதமாகச் சொன்னதால் நீங்கள் குழம்பியது இந்த வரிசையைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். அந்த மனிதர் ஊரை ஆண்டாரா, அல்லது பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் மட்டும் போட்டுக்கொண்டாரா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

நான் இடைக்கால இத்தாலிய வரலாற்றைப் படித்து, பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன். வட இத்தாலியின் லத்தீன் சாசனங்களோடுதான் எனக்கு நேரடிப் பழக்கம். நாபோலி, சிசிலி பக்கத்தைப் பற்றிச் சொல்வது மற்றவர்களின் ஆய்வுகளைப் படித்துச் சொல்வது. அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் புனிதரின் வீடு. தந்தை ஃபெர்ராந்தே கொன்சாகா ஆண்டது காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூரையும் சுற்றுவட்டாரத்தையும். கார்தா ஏரிக்குத் தெற்கே, மாந்துவாவுக்கும் பிரெஷாவுக்கும் நடுவில் இருக்கிறது. சின்ன இடம்தான். ஆனால் அது புனித உரோமைப் பேரரசரிடமிருந்து நேரடியாகப் பெற்ற மானிய நிலம். பேரரசருக்கும் ஃபெர்ராந்தேவுக்கும் நடுவில் வேறு மேலாளர் கிடையாது. நீதி வழங்குவதும் தண்டிப்பதும் வரி வாங்குவதும் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தன. சொந்த நாணயம் அடித்த குடும்பம் அது. ஆகவே அவரைச் சிற்றரசர் என்று எழுதினால் தவறில்லை.

இதற்கு நல்ல சாட்சி அலோசியுஸே விட்டுச் சென்ற ஒரு பத்திரம். அவர் 1568இல் பிறந்த மூத்த மகன், அதனால் வாரிசு. இயேசு சபையில் சேர வேண்டுமென்றால் அந்த உரிமையைத் தம்பி ருதோல்ஃபோவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அப்பா சம்மதித்தால் மட்டும் போதவில்லை (அவர் லேசில் சம்மதிக்கவும் இல்லை, அது தனிக் கதை). பேரரசரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அது வந்த பிறகுதான் 1585 நவம்பர் 2 அன்று மாந்துவாவில் துறப்புப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டார். வயது 17. வெறும் மரியாதைப் பட்டமாக இருந்திருந்தால் இவ்வளவு சட்ட நடைமுறை வேண்டியிருந்திருக்காது. அவர் துறந்தது ஒரு ஆட்சியை. பெற்றுக்கொண்ட தம்பி நிம்மதியாக ஆளவில்லை என்பதையும் மலரில் சேர்க்கலாம்: ருதோல்ஃபோ 1593இல் பக்கத்து ஊரான காஸ்தெல் கொஃப்ரேதோவில் கொல்லப்பட்டார். அடுத்த தம்பி ஃபிரான்செஸ்கோ மார்க்கேசே ஆனார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் அவரை ‘பிரின்சிப்பே’, அதாவது பிரின்ஸ் என்ற நிலைக்கு உயர்த்தினார். ஒரு தமிழ்ப் புத்தகம் ‘இளவரசர்’ என்று எழுதியதற்கு இந்தப் பிற்காலப் பட்டம் காரணமாக இருக்கலாம். அந்தக் காஸ்திலியோனே சிற்றரசில்தான் 1680இல் கொன்ஸ்தான்சோ பெஸ்கி பிறந்தார், நம் வீரமாமுனிவர். ஞானப்பிரகாசியாரும் வீரமாமுனிவரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே சபையினர் என்பது மலர் வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

சரி, இனி சொல்லின் பழைய கதை. ஜெர்மானிய மொழிகளில் ‘மார்க்கா’ என்றால் எல்லை. 774இல் ஃபிராங்கு மக்களின் அரசரான சார்லமேன், இத்தாலியில் இருந்த ஜெர்மானிய இனத்தவரின் லங்கோபார்து அரசை வென்று இத்தாலியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது, நிர்வாகத்துக்குக் கவுண்டுகளை நியமிக்கும் ஃபிராங்கு முறையும் கூடவே வந்தது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு கவுண்ட். வரி, நீதி, படை திரட்டல் எல்லாம் அவர் பொறுப்பு. எல்லையோரத்தில் மட்டும் இது போதவில்லை. எதிரி வரும்போது நான்கு கவுண்டுகள் கூடிப் பேசி முடிவெடுக்க நேரம் இருக்காது. ஆகவே பல மாவட்டங்களை ஒரே கையில் கொடுத்தார்கள். அந்தக் கையின் லத்தீன் பெயர் ‘மார்க்கியோ’. அதன் வழியில் வந்ததுதான் இத்தாலிய மார்க்கேசே. அவருடைய நிலப்பகுதி ‘மார்க்கா’. லொரேத்தோ மாதா திருத்தலம் இருக்கும் மாநிலத்துக்கு இன்றும் ‘மார்க்கே’ என்று பெயர். அங்கோனா, ஃபெர்மோ, காமெரீனோ என்ற பழைய எல்லைப் பகுதிகளைச் சேர்த்து வந்த பன்மைப் பெயர் அது. ஜெர்மனியில் இதே பதவிதான் மார்க்கிராஃப்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இது ஒரு வேலை. அரசர் கொடுப்பார், கோபம் வந்தால் பிடுங்கிவிடுவார். ‘உயர்குடி’ என்ற பொருள் அதற்குள் இல்லை. உயர்குடியினருக்கு அந்த வேலை கிடைத்தது, அவ்வளவுதான்.

950ஐ ஒட்டி இரண்டாம் பெரெங்காரியோ அரசர் வடமேற்கு இத்தாலியை மூன்று மார்க்காக்களாகப் பிரித்தார். இன்றைய பிரான்சின் தென்கடற்கரையில் ஃபிராக்சினேத்தும் என்ற இடத்தில் தங்கியிருந்த சராசென் (முஸ்லிம்) படையினரின் தாக்குதல்கள் இதற்கு ஒரு முக்கியக் காரணம். தொரீனோ பக்கம் அர்துயினோ, அதற்குக் கிழக்கிலும் தெற்கிலும் அலெராமோ, மிலான்-ஜெனோவா பக்கம் ஒபெர்த்தோ. இந்த மூன்று பேரின் வழித்தோன்றல்களை எடுத்துக்கொண்டால் இத்தாலியின் பெரிய மார்க்கேசே குடும்பங்களில் பாதி வந்துவிடும். மோன்ஃபெர்ராத்தோவும் சலூட்சோவும் அலெராமோ வழி. எஸ்தே, மலஸ்பீனா, பல்லவிச்சீனோ ஒபெர்த்தோ வழி. அர்துயினோ வழியில் வந்த அதெலாய்தே என்ற பெண் சவோயா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டதால் தொரீனோ அவர்கள் பக்கம் போனது. 1861இல் இத்தாலியின் அரசர்களானது அதே சவோயா குடும்பம்தான்.

பட்டங்களின் படிவரிசை இந்தக் காலத்தில் இறுகியிருக்கவில்லை என்பதற்கு மத்தில்தே என்ற பெண் ஆட்சியாளரின் உதாரணம் போதும். 1077இல் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி பனியில் நின்று பாப்பரசரிடம் மன்னிப்புக் கேட்ட கனோசா கோட்டை அவருடையது. தந்தை போனிஃபாச்சோ தொஸ்கானாவின் மார்க்கேசே. மத்தில்தேயின் ஆவணங்களைப் புரட்டினால் ஓரிடத்தில் கவுண்டஸ், இன்னோரிடத்தில் டச்சஸ், வேறோரிடத்தில் மார்க்கேசா. எழுதிய குமாஸ்தாவின் வழக்கத்தைப் பொறுத்தது. அவரோ கையெழுத்திடும்போது ஒரு சிலுவையை வரைந்து, அதன் நான்கு மூலைகளிலும் சொற்களைப் பிரித்து எழுதுவார்: ‘மத்தில்தே, கடவுளின் அருளால், அவள் ஏதாவது ஒன்றாக இருந்தால்.’ பட்டமே இல்லை. பாதி வட இத்தாலியைக் கையில் வைத்திருந்தவருக்கு அது தேவைப்படவும் இல்லை. மாணவர்களுக்கு இந்தக் கையெழுத்தைக் காட்டும்போதெல்லாம் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் நெடுநேரம் பார்ப்பார்கள்.

வேலை எப்போது குடும்பச் சொத்தானது? பாடநூல்கள் 877ஆம் ஆண்டைச் சொல்லும். அந்த ஆண்டு இத்தாலிக்குப் புறப்படுமுன் ஃபிராங்கு அரசர் வழுக்கைத் தலைச் சார்லஸ் கியெர்சியில் பிறப்பித்த ஆணை, மகனுக்கு வாரிசுரிமை தந்தது என்பார்கள். ஆணை இருந்தது உறுதி. ஆனால் அது அவர் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு கவுண்ட் இறந்துவிட்டால் என்ன செய்வது என்ற இடைக்கால ஏற்பாடு. பரம்பரை உரிமையைப் புதிதாகப் பிரகடனம் செய்த சட்டம் அல்ல. 1037இல் பேரரசர் இரண்டாம் கொன்ராத் தந்த சட்டத்தையும் சிலர் இதற்கு மேற்கோள் காட்டுகிறார்கள். அது முதன்மையாகச் சிறு மானியதாரர்களுக்கானது. உண்மையில் நடந்தது சத்தமில்லாமல் நடந்தது: அப்பா இடத்தில் மகன் உட்கார்ந்தான், அரசர் தடுக்கவில்லை, இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

சொத்தான பிறகு பாகப்பிரிவினை வந்தது. லங்கோபார்து சட்டப்படி மகன்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு. பட்டமும் பங்கோடு போகும். லூனிஜானா மலைகளில் மலஸ்பீனா குடும்பம் என்ன ஆனது பாருங்கள். 1221இல் இரண்டு கிளையாகப் பிரிந்தார்கள். குடும்பப் பெயரிலேயே ‘முள்’ இருப்பதால் ஒரு கிளை சின்னத்தில் காய்ந்த முள்ளையும் மற்றது பூத்த முள்ளையும் வைத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொரு கிளையும் மேலும் பிரிந்து, ஒரு கோட்டை, சில கிராமங்கள், ஒரு மார்க்கேசே என்ற அளவுக்கு வந்துவிட்டது. 1306இல் நாடு கடத்தப்பட்டிருந்த கவிஞர் தாந்தே இவர்களிடம்தான் அடைக்கலம் பெற்றார். லூனி ஆயரோடு இருந்த சண்டையை முடிக்கும் சமாதானப் பேச்சில் மலஸ்பீனாக்களின் சார்பாளராகப் போனவர் அவரே. அதே காலத்தில் சவோயாவின் தலைவர் வெறும் ‘கவுண்ட்’. 1416இல்தான் டியூக் ஆனார். ஆனால் ஆல்ப்ஸின் இருபுறமும் கணவாய்களை வைத்திருந்தவர் அவர். பட்டப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் மலைக்கிராமத்து மலஸ்பீனா அவருக்கு மேலே உட்கார வேண்டும்! மிலானின் விஸ்கொந்தி குடும்பத்தின் பெயரே ‘வைஸ்கவுண்ட்’ என்பதிலிருந்து வந்தது. 1395இல் அவர்கள் டியூக்குகள்.

கொன்சாகாக்கள் இந்தப் பழைய எல்லைக் காவலர் வழியே அல்ல. 1328இல் மாந்துவாவில் முந்தைய ஆட்சிக் குடும்பத்தை விரட்டிவிட்டு அதிகாரத்தைப் பிடித்தவர்கள். நூறு வருஷம் ‘காப்பித்தானோ’ (தலைவர்) என்ற பெயரில் ஆண்டார்கள். ஆட்சி இருந்தது, மதிப்பு இல்லை. 1433இல் ஜான்ஃபிரான்செஸ்கோ கொன்சாகா பேரரசர் சிகிஸ்முந்துக்குப் பணம் கொடுத்து மார்க்கேசே பட்டம் வாங்கினார். புதிதாக ஒரு சாண் நிலம் வரவில்லை, காக்க எல்லையும் இல்லை. கிடைத்தது சட்டப்படியான அங்கீகாரமும், சிவப்புச் சிலுவைக்கு நான்கு பக்கமும் நான்கு கருங்கழுகுகள் கொண்ட சின்னமும். கூடவே மகன் லுதொவீகோவுக்கு பிராண்டன்புர்க் மார்க்கிராஃப் குடும்பத்திலிருந்து பார்பரா என்ற பெண். நேற்றுவரை அதிகாரத்தைப் பறித்தவர்களின் வாரிசு, இன்று பேரரசின் பழைய குடும்பத்துக்குச் சம்பந்தி. அந்த லுதொவீகோவை மாந்துவா கோட்டையில் மாந்தேஞ்ஞா வரைந்த சுவரோவியத்தில் பார்க்கலாம், 1474இல் முடிந்தது. கிரீடம், வாள் ஒன்றும் இல்லை. வீட்டு அங்கியோடு உட்கார்ந்து, கையில் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, காதருகே குனிந்திருக்கும் செயலாளரிடம் ஏதோ பேசுகிறார். நாற்காலிக்கு அடியில் அவருடைய நாய் படுத்திருக்கிறது. ஒரு மார்க்கேசே எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

1478இல் லுதொவீகோ இறந்ததும் நிலம் மகன்களுக்குள் பிரிந்தது. ருதோல்ஃபோ என்ற மகனுக்குக் காஸ்திலியோனே வந்தது. அந்தக் கிளையில் வந்தவர்தான் ஃபெர்ராந்தே. மாந்துவாவின் மூத்த கிளை 1530இல் டியூக் ஆகிவிட்டது. ஆகவே அலோசியுஸ் காலத்தில் மாந்துவாவில் இருந்த பெரிய உறவினர் டியூக், காஸ்திலியோனேயில் இருந்த அப்பா மார்க்கேசே.

தெற்கே நிலைமை வேறு. நாபோலி, சிசிலி அரசுகளில் மேலே ஒரு மன்னர் இருந்தார். மார்க்கேசே அவருக்குக் கீழே நிலமும் உள்ளூர் நீதி அதிகாரமும் கொண்ட பிரபு. 1525 பாவியா போரில் ஸ்பானியத் தரப்பில் புகழ்பெற்ற பெஸ்காரா மார்க்கேசே ஃபெர்ராந்தே தாவலோஸ் இந்த வகை. அங்கே ஆண்ட ஸ்பானிய மன்னர்கள் 17ஆம் நூற்றாண்டில் போர்ச் செலவுக்காகப் பட்டங்களை ஏராளமாக விற்றார்கள். நாபோலியில் 1806இலும் சிசிலியில் 1812இலும் நிலப்பிரபுத்துவ உரிமைகள் ரத்தாகின. பட்டம் நின்றது, அதிகாரம் போனது. லூனிஜானா, லிகூரியா பக்கத்துச் சிறு பேரரசு மானியங்களை நெப்போலியன் 1797இலேயே துடைத்துவிட்டார்.

நீங்கள் இணையத்தில் தேடினால் கட்டாயம் எதிர்ப்படும் ஒரு கதையைப் பற்றியும் சொல்லவேண்டும். பேரரசர் ஒத்தோ, மூன்று நாளில் குதிரையில் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாயோ அவ்வளவும் உனக்கு என்று அலெராமோவிடம் சொன்னாராம். வழியில் குதிரைக்கு லாடம் போட ஒரு செங்கல்லை எடுத்து அடித்தாராம். செங்கல்லுக்கும் லாடத்துக்கும் உள்ளூர் மொழியில் இருக்கும் சொற்கள் சேர்ந்து ‘மோன்ஃபெர்ராத்தோ’ ஆனதாம். அழகான கதை, வரலாறு அல்ல. அலெராமோ இருந்தது உறுதி, 967இல் ஒத்தோ அவருக்குத் தனாரோ ஆற்றிலிருந்து கடல்வரையுள்ள பகுதியில் நிலங்களைத் தந்த சாசனம் இருக்கிறது என்பதும் உறுதி. செங்கல் பிற்காலத்துக் கற்பனை. கிரீடத்தை வைத்துப் பட்டத்தை அடையாளம் காணும் விதிகளையும் பழைய காலத்துக்கு ஏற்றாதீர்கள். மார்க்கேசே கிரீடத்தில் கண்ணுக்குத் தெரியும்படி மூன்று இலைப்பூக்கள், நடுநடுவே மும்மூன்றாக இரண்டு முத்துக் குவியல்கள். கவுண்ட்டுக்கு ஒன்பது முத்துகள். இது பிற்காலத்தில் ஒழுங்குபடுத்திய விதி. 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலோ ஓவியத்திலோ முத்தை எண்ணி முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள்.

1861க்குப் பிறகு வந்த இத்தாலிய அரசு எல்லாப் பிராந்தியப் பட்டங்களையும் ஒரே வரிசையில் அடுக்க முயன்றது; அதற்காக 1869இல் ஒரு மரபுச்சின்ன ஆலோசனைக் குழுவை அமைத்தது. மூத்த மகனுக்கு மட்டும் பட்டம் என்ற முறை பரவி, தம்பிகள் ‘இன்ன மார்க்கேசே குடும்பத்தவர்’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். நிலமே இல்லாத மார்க்கேசேயும் சகஜமானார்: வானொலி மார்க்கோனிக்கு 1929இல் அரசர் இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். 1948 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியரசின் அரசமைப்புச் சட்டம், உயர்குடிப் பட்டங்களை அரசு அங்கீகரிக்காது என்று சொல்லிவிட்டது. தடை அல்ல, கண்டுகொள்ளாமை. 1922 அக்டோபர் 28க்கு முன்பே இருந்த பட்டங்களோடு ஒட்டிய ஊர்ப்பெயர் மட்டும் குடும்பப் பெயரின் பகுதியாக நிற்கலாம். அது முசோலினி ஆதரவாளர்கள் ரோமுக்கு அணிவகுத்த நாள். ஃபாசிச ஆட்சியில் கொடுத்தவை வேண்டாம் என்பது கணக்கு. ஆகவே இன்று யாராவது பணத்துக்கு உங்களை மார்க்கேசே ஆக்குகிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பினால், அவர் விற்பது ஒரு காகிதத்தை.

பாளையக்காரர் ஒப்பீடு பாதி பொருந்தும். படைப் பொறுப்பில் தொடங்கி, வரியும் நீதியும் கைக்கு வந்து, பரம்பரையாகி, கடைசியில் வேறொரு ஆட்சியில் வெறும் மரியாதையாக மிஞ்சியது என்ற போக்கு இரண்டிலும் இருக்கிறது. ஆனால் காஸ்திலியோனேக்கு மேலே இருந்த பேரரசர் ஆல்ப்ஸுக்கு அப்பால் இருந்தார். அன்றாடத்தில் தலையிட்டது குறைவு. மலரில் ‘பாளையக்காரர்’ என்று போட்டால் வாசகர் மனதில் கட்டபொம்மன்தான் வருவார், அது வேண்டாம். ‘காஸ்திலியோனேயின் சிற்றரசரான மார்க்கேசே ஃபெர்ராந்தே கொன்சாகா’ என்று முதல் முறை எழுதிவிட்டு, பிறகு ‘சிற்றரசர்’ என்றே தொடருங்கள். ‘அரசர்’ மிகை, ‘பிரபு’ குறை. தாயார் மார்த்தா தானாவை ‘மார்க்கேசா’ என்று குறிப்பிடலாம். உச்சரிப்பில் ‘க்கே’தான். அலோசியுஸையே இளவரசர் என்று எழுதியிருக்கும் நூல்களைத் திருத்த வேண்டியதில்லை. ஆளும் சிற்றரசரின் மூத்த மகனை நாம் தமிழில் வேறு எப்படிச் சொல்வோம்? தந்தையை அப்படி எழுதினால் மட்டும் மாற்றிவிடுங்கள்.